சாம்பல் கடலில் ஒரு தூண்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சப்போவதில்லை. பேய்க் கதை சொல்பவர்களை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. நான் பௌதிகவியல் பட்டதாரி.

பிரதீபன் அண்ணை முல்லைத்தீவுக் கரையில் புதிதாக விடுதி கட்டியிருந்தார். மாதிரிக்கு ஒரு கடல் ஓவியம் கேட்டார். பிடித்தால் ஆறு அறைகளுக்கும் நான்தான் வரைவேன். படிப்பு முடிந்து இரண்டு வருடங்களில் எனக்கு வந்த முதல் வேலை. என் பழைய ஓவியங்களின் மங்கல் நிறங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“செத்த வீட்டுக் கலர், தங்கச்சி. சரி, நாளைக்குக் காலமை கொண்டு வாங்கோ. இல்லாட்டி கடையிலை பிரின்ட் எடுப்பன்.”

நீலம் மட்டுமே தெரிந்த மனிதர்.

மாலை 5.35. மழை மூட்டம். கரையில் நானும் என் சிநேகிதி சுதாஜினியும் மட்டும். வானம், கடல், மணல் எல்லாமே சாம்பல். தூரத்தில், தண்ணீருக்குள் ஒரு தூண் நின்றது. வெளிறிய சாம்பலில் ஒரு கோடு இழுத்தேன். தூரத்தில் இருப்பது வெளிறும், கிட்ட இருப்பது கருக்கும். அவ்வளவுதான் விதி.

5.50. கோடு கருத்திருந்தது.

நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். கருக்காது. ஈரத் தூரிகையால் ஒற்றினேன். தூரிகையில் நிறமே ஏறவில்லை.

“சுதா, அந்தத் தூண்...”

“எந்தத் தூணடி? கண்ணாடியைத் துடை.”

நிமிர்ந்தேன். கடலில் எதுவும் இல்லை.

6.04. இன்னும் கருத்தது.

சளக்...

அலை அல்ல. அலை இப்படிக் காலடி போல விட்டுவிட்டு வராது.

சளக்... சளக்...

“எழும்பு, போவம்.”

“என்ன விஞ்ஞானி, பேயோ?” சுதா சிரித்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓவியத்தை அன்றிரவே கிழித்திருக்கலாம். ஒரு கோட்டுக்குப் பயந்து வேலையை விடுவதா? காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கடலுக்கை தூண் ஏது? அதிலை நாலு பாகம் ஆழம், இருவத்திநாலு அடி,” என்றார் பிரதீபன் அண்ணை நக்கலாக. ஆனாலும் மூன்றாம் அறையில் மாட்டினார்.

பத்தாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் நக்கல் இல்லை.

“தங்கச்சி... கரையிலை நிக்கிற ஆளை நீங்களோ கீறினது?”

நான் ஆளே வரையவில்லை.

மூன்றாம் அறையைப் பூட்டிவிட்டார். மற்ற ஐந்துக்கும் கடைப் பிரின்ட். அதே அசட்டு நீலம்.

பூட்டுமுன் ஓவியத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கடலில் தூண் இல்லை. மணலில், நான் தொடவே தொடாத கடும் கறுப்பில்... முகம் இந்தப் பக்கம்.

ஓவியத்தில் அதைவிடக் கிட்ட வர இடமில்லை.