மூன்று 'ங்க'

எங்கள் அப்பா யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுவரும் விவசாயி முதல் கீரைக்காரம்மா வரை எல்லோருக்கும் 'வாங்க, போங்க'தான். பட்டறை வாசலில் படுத்துக்கொள்ளும் நாயைக்கூட, “எந்திரிச்சுப் போங்க அந்தப் பக்கம்” என்றுதான் விரட்டுவார். அந்த மரியாதை கிடைக்காத ஒரே ஆள் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரைக் கண்டால் அப்பாவுக்கு 'டேய்'தான்.

அம்மாவுக்கு அது பெரிய குறை. “ஏனுங்க, ஊருக்கெல்லாம் மரியாதை குடுக்கறீங்க, எம் பொறந்தவனுக்கு ஒரு 'ங்க' போட்டா கொறைஞ்சா போயிருவீங்க?” என்பாள். அப்பா சிரிப்பார். மாமா அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். எனக்கு மாமா என்றால் உயிர், அதனால் இந்த விஷயத்தில் நான் அம்மா கட்சி.

நிஜக் கட்சியில் அப்பாவும் மாமாவும் ஒன்றாகவே இருந்தார்கள். ஒரே கடையில் ஒரே கரை வேட்டி எடுப்பார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் எங்கள் வீட்டு டிவி முன்னால்தான். நான் ஐந்தாவது படித்த வருஷம், நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமா கட்சி மாறிவிட்டார். ஊரில் பாதிப் பேர் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. “எத்தன வருசந்தான் ஒண்ணுக்கே போடறதுங்கக்கா, டில்லில ஒரு மாத்தம் வரட்டுமே” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அப்பா அதை டீக்கடையில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டார். மாமா வீட்டுக்கு வருவது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டிச் சத்தத்துக்காக நான் கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருப்பேன்.

ஓட்டு எண்ணுகிற அன்று அப்பா பட்டறையைத் திறக்கவில்லை. மதியத்துக்குள் எங்கள் கட்சி நாடு முழுக்க மண்ணைக் கவ்விவிட்டது. மாமாவின் புதுக் கட்சி டில்லியைப் பிடித்துவிட்டது. தெருவில் வெடி வெடித்தபோது அப்பா டிவியை அணைத்தார்.

சாயங்காலம் மாமா வந்தார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை. கரையே இல்லாத வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்று, “மச்சான்” என்றார்.

அப்பா எழுந்து நின்றார். “வாங்க” என்றார். “உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஒரே மூச்சில் மூன்று 'ங்க'! சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தார். “வேலையெல்லாம் எப்படிங்க மச்சான்?” என்றார். “ஓடுதுங்க” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வாரேனுங்க” என்று மாமா எழுந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்துபோயின. மாமா அந்தக் கட்சியைவிட்டும் வெளியே வந்துவிட்டார். போன தடவை அப்பா, மாமா விட்டுவந்த அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று அம்மா என் காதோடு சொன்னாள். திட்டிக்கொண்ட தலைவர்களெல்லாம் ஒரே மேடையில் சால்வை போர்த்திக்கொண்டாயிற்று. சரவணம்பட்டியில் நான் வீடு குடிபோன அன்று இருவரும் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தார்கள். “சாப்டீங்களா?” “ஆச்சுங்க.” அவ்வளவுதான். அந்த 'டேய்' ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

அன்று வாசலில் செருப்பு மாட்ட மாமா வெகுநேரம் எடுத்துக்கொண்டார். குனிந்து வாரைப் போடுவார், கழற்றுவார், உள்ளே பார்ப்பார், மறுபடியும் குனிவார். உள்ளேயிருந்து அப்பா ஒரு வார்த்தை திட்டமாட்டாரா என்றுதான் அவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது தெரியவில்லை. பாவம், வார் சிக்கிக்கொண்டது என்று நினைத்து ஓடிப்போய் மண்டியிட்டேன். இரண்டு செருப்பையும் இறுக்கி மாட்டிவிட்டு, “ஆச்சுங்க மாமா, போலாம்” என்றேன்.