பாவனைக்குதவாத வள்ளம்

மன்னார் நகரில் சிறுவர் பூங்கா ஒன்று இருக்கிறது. அதற்கு வேலி, படலை, பூட்டு, காவலாளி, செய்யக்கூடாதவற்றைச் சொல்லும் அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. இரும்புச் சறுக்கி ஒன்றும் உண்டு. வெயில் நேரத்தில் அதில் யாரும் ஒருமுறைக்கு மேல் சறுக்கியதில்லை. பூங்காவில் இல்லாதது சிறுவர்கள் மட்டுமே.

அவர்கள் எங்கள் ஒழுங்கையின் முடிவில், அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குச் சொந்தமான வெறுங்காணியில் இருந்தார்கள். அங்கே ஒரு மரவள்ளம் கிடந்தது. ஏதோவொரு திட்டத்தில் யாருக்கோ கொடுப்பதற்கென வந்து, பயனாளிகள் பட்டியல் இறுதியாவதற்குள் ஓட்டை விழுந்துபோன வள்ளம். அதைச் சுற்றி டயர்கள், அறுந்த வலை, மீன்பெட்டிகள், பனைமட்டைகள், ஒரு கதவு. எல்லாம் தினமும் இடம் மாறும். ஒருநாள் கடை, மறுநாள் ஆஸ்பத்திரி, அதற்கடுத்த நாள் நடுக்கடலில் எஞ்சின் நின்ற படகு. பெரியவர்கள் யாரும் இதில் சம்பந்தப்படவில்லை. பத்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நிருவாகம் செய்தாள். ஆட்களை வைத்துக் கடற்றொழில் செய்விக்கும் முதலாளியை இந்தப் பக்கத்தில் சம்மாட்டி என்பார்கள். அவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பிரச்சினை சத்தம். நான் அரசாங்கக் கந்தோர்களில் காலம் கழித்து, பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உறங்குவதை ஓய்வூதியத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். அதனால் முறைப்படி ஒரு பெட்டிசம் எழுதினேன். ஆபத்தான பழைய பொருட்கள், பாம்பு, டெங்கு நுளம்பு. சத்தத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது எடுபடாது என்பது எனக்குத் தெரியும்.

என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் ஒரே வாரத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

காணியை யாரோ வந்து அளந்துவிட்டுப் போன அன்று பின்னேரம் சம்மாட்டி என் படலையில் நின்றாள்.

“சேர், எங்கட வள்ளத்தை அள்ளிக்கொண்டு போய் எரிக்கப் போகினமாம். ஆரோ பெட்டிசம் போட்டிருக்கினம்.”

“அப்பிடியோ?” என்றேன்.

“ஓம். ஆரோ ஒரு விசர். நீங்கள் கந்தோரில இருந்தனீங்கள்தானே. பெட்டிசத்துக்குத் திருப்பிப் பெட்டிசம் போடலாமோ?”

போடலாம். உள்ளே போய் எழுதினேன். வள்ளம் கந்தோரின் பொருட்பதிவேட்டில் உள்ள சொத்து. உத்தியோகத்தர் ஒருவர் பார்வையிட்டு அறிக்கை தராமல் அதிலிருந்து ஓர் ஆணியைக்கூட அகற்ற முடியாது. இதைப் பணிவுடன் சுட்டிக்காட்டினேன். பாவனைக்குதவாது, அதாவது இனிப் பயன்படாது, என்று அறிக்கை வந்தால், அதை என்ன செய்வதென்று தீர்மானிக்க ஒரு சபை நியமிக்கப்பட வேண்டும். சபை கூடும்வரை பொருள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இப்படிச் சபைக்குக் காத்திருந்த தட்டச்சு இயந்திரம் ஒன்றோடு நான் பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன்.

“கந்தோராள் வள்ளத்தைப் பார்க்க வருவார். பார்த்து எழுதினாச் சரி,” என்று மட்டும் சம்மாட்டியிடம் சொன்னேன். மிச்சத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

பார்க்க ஆள் வருகிறதென்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வடிவாக்கினார்கள். ஓட்டைகளுக்குத் தகரம் அடித்துத் தார் பூசினார்கள். கோயில் திருவிழாவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் எங்கிருந்தோ வந்தது. உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது வள்ளத்தை நாளைக்கே கடலில் இறக்கலாம் போல இருந்தது. பிள்ளைகள் தலைசீவி வரிசையாக நின்றார்கள்.

“சேர், இது நல்ல வள்ளமெல்லோ,” என்றார் அவர், கூடப் போயிருந்த என்னிடம். இளம் வயது, நேர்மையான ஆள், இரண்டும் இடைஞ்சல். “திருத்திப் பாவிக்கலாம் எண்டு எழுதினா, களஞ்சியத்துக்கு ஏத்த வேணும்.”

சம்மாட்டி கேட்டுக்கொண்டு நின்றாள். “உடைஞ்சு கிடந்தா?”

“உடைஞ்சதெண்டா, சபை முடிவெடுக்கிற மட்டும் இஞ்சதான் கிடக்கும், பிள்ளை.”

“சபை எப்ப கூடும்?”

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

சம்மாட்டிக்கு விளங்கிவிட்டது. “சேர், உங்கட சுத்தியலை ஒருக்காத் தாங்கோவன்.”

“என்னத்துக்கு?”

“விளையாட.”

ஒரு பொருளை இரவல் கொடுக்கும்போது கேட்க வேண்டிய மற்றக் கேள்விகளும் எனக்குத் தெரியும். கேட்கவில்லை. சுத்தியலை எடுத்துக் கொடுத்துவிட்டு, உத்தியோகத்தரைத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சத்தம் பெட்டிசம் போடக்கூடிய அளவில் இருந்தது.

“என்ன சேர் அது?”

“பிள்ளையள் விளையாடுகினம். பிஸ்கற் எடுங்கோ.”

திரும்பிப் போனபோது வள்ளத்தின் பக்கவாட்டில் ஓர் ஆடு நுழையக்கூடிய ஓட்டை இருந்தது. முதல்நாள் முழுக்கத் தார் பூசிய சின்னவன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.

“அழாதையடா,” என்றாள் சம்மாட்டி, எல்லோருக்கும் கேட்க. “இவர் போகட்டும், திருப்பி ஒட்டுவம்.”

உத்தியோகத்தர் ஓட்டையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு படிவத்தை விரித்து, ‘பாவனைக்குதவாது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கண்டதைத்தானே எழுத வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏறியபின் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

“அப்ப சேர், நீங்கள் முதல் போட்ட பெட்டிசத்தை என்ன செய்யிறது?”

அதை மீளப்பெறுவதாகச் சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்றார். தருவதாகச் சொன்னேன். அவர் போய்விட்டார். பிள்ளைகள் போகவில்லை. கந்தோரில் விளக்கம் கேட்டால் பதில் எழுத நாள் தவணை தருவார்கள்.

“நீங்களோ?” என்றாள் சம்மாட்டி.

“ஓம்.”

“ஏன்?”

“நித்திரை.”

அவள் யோசித்தாள். கையில் சுத்தியல் இருந்தது.

“அப்ப சுத்தியல் எங்களுக்கு.”

மேன்முறையீட்டுக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

சபை இன்னும் நியமிக்கப்படவில்லை. அந்த ஓட்டை அடைபட்டு, மறுபக்கத்தில் வேறு ஓட்டை வந்து, வள்ளத்துக்கு இப்போது மேல்மாடியும் உண்டு. மதியம் ஒன்றரை மணிக்கு என் சுத்தியலின் சத்தம் கேட்கும். நான் வேறு சுத்தியல் வாங்கவில்லை. வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்கிறேன். “என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறாள்.