பிரித்துப் பார்த்த ஜாக்கெட்

தையற்காரனான நான், எதிர்க்கடையில் தைத்த என் மனைவியின் ஜாக்கெட்டைத் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன். காரணம் வெறும் பொறாமை.

செஞ்சி கடைத்தெருவில் ரோசலின் என்பவர் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு தையல் கடை திறந்தார். முதலாளி கிடையாது, வரும்படியில் சம பங்கு, கைக்குழந்தைக்குக் கடையிலேயே தூளி, ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண் விடுதலைக் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவன்தான் நான். அது எதிர்க்கடையில் நடந்தபோதுதான் வயிறு எரிந்தது. ஆண் தையற்காரர்களான நாங்கள் பழைய ஜாக்கெட்டைப் பார்த்துத் தைப்போம். அவர்கள் டேப் வைத்து ஆளையே அளந்தார்கள். என் வாடிக்கைப் பெண்கள் எல்லாரும் அங்கே போனார்கள். கடைசியில் என் மனைவியும் போனாள்.

“வூட்லயே தையக்காரன் இருக்கும்போது உனக்கு இன்னாடி கேடு?”

“நீங்க தச்சதுல கைய தூக்க முடியலையே!”

அந்த ரகசியம் தெரியத்தான் பிரித்தேன். அக்குளில் சின்னதாக ஓர் ஒட்டுத்துணி இருந்தது. ஆனால் திரும்பச் சேர்க்க எனக்கு வரவில்லை. மறுநாள் சிங்கவரத்தில் அவள் தம்பி கல்யாணம். துண்டுகளை அள்ளிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினேன்.

“உள்ள வராதீங்கண்ணே, தெருவுலயே நில்லுங்க” என்றார் ரோசலின். கடைத்தெருவே பார்க்க நின்றேன். தைத்துக் கொடுத்துவிட்டு, “வந்து கேட்டிருந்தா சொல்லித் தந்திருப்பேனே” என்றார்.

இப்போது என் கடையில் மனைவிதான் அளவெடுக்கிறாள். பாதிப் பங்கும் அவளுக்கு. அவள் அளவெடுக்கும்போது நான் வாசலில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பேன்; கடைகளில் சின்னப் பையன்கள் செய்யும் வேலை அது. போன வாரம் அளவு கொடுக்க வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: “காஜா எடுக்க இவ்ளோ வயசானவர வச்சிருக்கியேம்மா, அவருக்குக் கண்ணு தெரியுதா?”