எழுபது கிலோ, கூட்டல் கழித்தல் எட்டு

எம்.எஸ்சி. புவியியல் முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். சாலை போடுகிறவர்கள் சாக்கில் மண் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அதைக் காயவைத்து, சலித்து, எடைபோட்டு, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பேன். ஒருநாள் சலித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கும் சலித்துவிட்டது. பி.எச்டி.க்கு விண்ணப்பம் போட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் பஸ் ஓட்டுகிற அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தினி வருசம்மா?"

"நாலு வருசம்பா."

"சரி, ஆறுன்னு வச்சிக்கிறேன்" என்றார். அப்பா சொன்னதுதான் நடந்தது.

தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த அம்மா விண்ணப்பத்தை வாங்கி மூன்று முறை சரிபார்த்தார். ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "கடைசில 'இப்படிக்கு தங்கள் உண்மையுள்ள' போடல பாரு" என்றார். போட்டேன்.

எழுத்துத் தேர்வில் தப்பித்து நேர்காணலுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் இருந்தவர் மென்மையாக ஆரம்பித்தார்.

"காஞ்சிபுரமா? சரி, உங்க வீட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு சொல்லுங்க."

பாறை வகை, அதன் வயது, அதன் மேல் படிந்த வண்டல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். பயத்தில் வாயில் வந்தது வேறு.

"செப்டிக் டேங்க் சார்."

நான்கு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓரத்தில் இருந்தவர் மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டு, "எவ்வளவு ஆழம் தோண்டினாங்க?" என்றார்.

"ஒம்பது அடி சார்."

"தோண்டும்போது நீங்க பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். அந்த இரண்டு நாளும் குழி ஓரத்தை விட்டு நான் நகரவில்லை. மூன்று அடி வரை கட்டடக் குப்பை, அப்புறம் கடப்பாரைக்கே ஒட்டிக்கொள்ளும் கருப்புக் களிமண், எட்டாவது அடியில் ஈரமான மஞ்சள் மணல், அதில் உருண்டையாகக் கூழாங்கல் என்று அடி அடியாகச் சொன்னேன். கேட்டவர் எழுதிக்கொண்டார். பிறகு அவர்தான் எனக்கு வழிகாட்டிப் பேராசிரியர் ஆனார். என் ஆராய்ச்சி வாழ்க்கை கழிவறைத் தொட்டியில் தொடங்கியது என்று துறை முழுக்கத் தெரிந்துபோனது.

நிலம் எந்நேரமும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. லாரி, கடல் அலை, காற்று, மோட்டார், எல்லாமே அதை ஆட்டுகின்றன. அந்த அதிர்வைப் பதிவு செய்தால் கெட்டிப் பாறை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று தோண்டாமலே கணக்குப் போடலாம். காஞ்சிபுரத்தைச் சுற்றி அப்படிக் கணக்குப் போடுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அதற்கு ஒரு அதிர்வுமானி தந்தார்கள். சின்ன குக்கர் அளவு இருக்கும், விசில் கிடையாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனால் பக்கத்தில் இருப்பவர், "என்ன கொழம்பு?" என்று கேட்பார்.

கூரம் கிராமத்தில் குழி தோண்டி அதைப் புதைத்தபோது ஊரே கூடிவிட்டது. "புதையல் எடுக்கறாங்க" என்றார் ஒருவர். "இல்லப்பா, வைக்கறாங்க" என்றார் இன்னொருவர். இரண்டாவது ஆளின் பேச்சை யாரும் நம்பவில்லை.

அந்தக் கருவியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் முன்பு எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு வாரம் புதைத்துச் சோதித்தேன். பதிவைக் கணினியில் திறந்தால் ஒரு விநோதம். தினமும் காலை ஐந்து இருபதுக்கு ஓர் அதிர்வு ஆரம்பிக்கிறது. வினாடிக்கு இரண்டு துடிப்பு, பிசகாமல். நடுநடுவே நின்று நின்று, பதினெட்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஞாயிறு லீவுன்னா மனுஷன் பண்றதுதான். எதோ ஃபேக்டரி. ஆனா இவ்வளவு சுத்தமான சிக்னல் நான் பார்த்ததே இல்லம்மா. கண்டுபிடி."

தேடினேன். முசரவாக்கம் பக்கம் இருந்த ஒரு அரிசி ஆலையில் விசாரித்தேன். எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். தெருவில் எல்லார் வீட்டு மோட்டார் நேரத்தையும் குறித்தேன். கடைசியில் எங்கள் பின்வீட்டு நெசவாளரிடம் போனேன். அவர் வீட்டில் குழித்தறி இருக்கிறது.

"அண்ணா, காலைல அஞ்சு இருவதுக்கு நெய்யறீங்களா?"

"அந்த நேரத்துல காபி குடிச்சுக்கினு இருப்பேன்மா. எதுக்கு?"

"நிமிசத்துக்கு நூத்தி இருவது தட்டு வருதுண்ணா."

அவர் சிரித்த சிரிப்பில் தறியே ஆடியது. "பட்டுப் பொடவைக்கு நூத்தி இருவது தட்டா? அவ்ளோ வேகமா நான் தட்டுனா முதலாளி என்னை மிஷினுன்னு நெனச்சு எண்ணெய் போட்ருவாரு."

அதற்குள் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாள் வந்துவிட்டது. 'காஞ்சிபுரத்தில் விடியலில் தோன்றும் இரண்டு ஹெர்ட்ஸ் அதிர்வு: மூலம் அறியப்படவில்லை' என்று அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். பேராசிரியர் துறைக்கே சமோசா வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை மூலத்தை நேரில் பிடிக்க முடிவு செய்து ஐந்தே காலுக்கு எழுந்தேன். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். கையில் காந்தத் திசைகாட்டியோடு பின்கதவைத் திறந்தேன். அதிர்வு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க அது எதற்கும் உதவாது. ஆனாலும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

வாழை மரத்துக்குப் பக்கத்தில், கருவியைப் புதைத்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தார்.

எங்கள் அம்மா சிரித்தே நான் அதிகம் பார்த்ததில்லை. ஆபீசில் அவர் நடந்து வந்தால் மின்விசிறி கூட மெதுவாகச் சுற்றும் என்பார்கள். அப்படிப்பட்டவர் உதட்டைக் கடித்துக்கொண்டு "நூத்தி நாலு, நூத்தி அஞ்சு" என்று எண்ணிக்கொண்டே குதித்தார். என்னைப் பார்த்ததும் கயிறு காலில் சிக்கியது.

"பூனை மாதிரி வந்து நிக்கறியே, அறிவு இருக்குதா?"

"எத்தினி நாளாம்மா இது?"

"மூணு மாசம். அப்பாகிட்ட சொன்னே, பாத்துக்க."

விஷயம் இதுதான். ஆபீஸ் பொங்கல் விழாவில் பெண்களுக்கு ஸ்கிப்பிங் போட்டி உண்டு. போன வருடம் ரெக்கார்டு ரூம் அம்மாள் ஜெயித்துவிட்டு, "உங்களுக்கு லெமன் ஸ்பூன் வைக்கலாம்னு சொல்லியிருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். ஞாயிறு காலை சர்ச் இருந்ததால் அன்றைக்கு மட்டும் பயிற்சி கிடையாது.

பேராசிரியருக்கு போன் செய்து சொன்னேன்.  "அம்மாகிட்ட குடும்மா" என்றார். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே கொடுத்தேன். அவர் கேட்டது வேறு: "அம்மா, நீங்க இன்னும் ரெண்டு சனிக்கிழமை குதிக்க முடியுமா?"

குதிக்கிற ஆள் யார், எங்கே, எப்போது என்று துல்லியமாகத் தெரிந்தால், அந்தக் களிமண்ணில் அதிர்வு எவ்வளவு தூரத்தில் தேய்கிறது என்று அளக்கலாம். கட்டுரைத் தலைப்பை மாற்றினோம். மூலம் அறியப்பட்டுவிட்டது. துறையிலிருந்து இன்னும் மூன்று கருவிகள் இரவல் வாங்கி வந்து வரிசையாகப் புதைத்தேன். முதலில் நான் குதித்தேன், அப்புறம் அம்மா குதித்தார். ஆய்வேட்டில் நான் 'மூலம் அ', அம்மா 'மூலம் ஆ'.

தகராறு எடையில் வந்தது. கணக்குக்கு எடை வேண்டும். நான் ஐம்பத்திரண்டு.

"அறுவத்தி ரெண்டு போடு" என்றார் அம்மா.

"மெஷின்ல ஏறிப் பாக்கலாம்மா."

"ஏற மாட்டேன்."

அதிர்வின் அளவை என்னுடையதோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். எழுபத்தெட்டு வந்தது. காட்டினேன்.

"உன் கணக்கு தப்பு" என்றார். "இல்லன்னா பூமி தப்பு."

ஒரு மாதம் இழுத்தது. நான் அறுபத்திரண்டு போட மறுத்தேன், அம்மா எழுபத்தெட்டைப் பார்க்க மறுத்தார். கடைசியில் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். எழுபது கிலோ, கூட்டல் கழித்தல் எட்டு. இந்தப் பக்கம் அறுபத்திரண்டு, அந்தப் பக்கம் எழுபத்தெட்டு. வீட்டில் சமாதானம் வந்தது. எனக்கு மட்டும் ஆய்வேட்டில் அந்தத் தாளைத் திருப்பும்போதெல்லாம் உறுத்தியது.

அந்தப் பொங்கலில் அம்மா இரண்டாவது வந்தார். ரெக்கார்டு ரூம் அம்மாளும் ரகசியமாகப் பயிற்சி செய்திருக்கிறார்.

ஆறாவது வருடம் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது விதி. அப்பா லீவு போட்டு வந்தார். அம்மா அரக்கு நிறப் பட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மெதுவாகப் பேசுகிறவர். முதல் மூன்று அத்தியாயத்தையும் தாண்டி நான்காவதில் விரலை வைத்து நிறுத்தினார்.

"எல்லா அளவும் இவ்வளவு கவனமா எடுத்திருக்கீங்க. மூலம் ஆ-வோட எடையில மட்டும் எட்டு கிலோ பிழை ஏன்?"

 பேராசிரியர் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"சார், அது நான்தான்" என்று அம்மா எழுந்து நின்றார். "எழுவத்தேழு சார். அன்னைக்கே ஆஸ்பத்திரி மெஷின்ல பாத்துட்டேன். இவ கணக்கு கரெக்ட். கொறைச்சுப் போடச் சொன்னது நான். இவள ஒண்ணும் சொல்லாதீங்க."

 அம்மா உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

"இப்ப எழுவத்தொண்ணு. அதையும் எழுதிக்கோங்க."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருடமாக ஒன்றுமே தெரியாமல் இருந்த அப்பா மட்டும், "எப்ப குதிச்ச? எதுக்குக் குதிச்ச?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அடுத்த கேள்விக்குப் பதிலாக விக்கினேன்.

ஒரே ஒரு திருத்தத்தோடு பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார்கள். அந்த எண்ணை மாற்ற வேண்டும்.

மாலையில் காஞ்சிபுரம் பஸ்ஸில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், கேட்காமலே, "எம்பொண்ணு இன்னைக்கு டாக்டர் ஆயிட்டா, பூமியில" என்றார்.

"பூமியிலயா?" அவர் என்னை எட்டிப் பார்த்தார். "பாப்பா, எங்களுக்கு ஒரு பட்டா மாத்தணும், ரொம்ப நாளா இழுத்துக்கினு இருக்குது."

"அது இவகிட்ட இல்லீங்க" என்றார் அம்மா, பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே. "சர்வே நம்பர் சொல்லுங்க."

வாலாஜாபாத் தாண்டும் வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன்.