பச்சையாகவே நின்ற மரம்

என் வீட்டுக்காரர் மலைமேல் ஒரு நர்சரியில் வேலை பார்த்தவர். பெரியநாயக்கன்பாளையத்துக்கு நாங்கள் இறங்கி வந்தபோது மூன்று மரம் கொண்டுவந்தார். தொட்டியில் வளர்கிற குட்டை சைப்ரஸ். எத்தனை வருஷம் ஆனாலும் இடுப்புக்கு மேல் போகாது. எப்போதும் பச்சை. நாங்கள் வேதக்காரர்கள் என்பதால் தெருவில் அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மணி அன்னூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் பிறந்தவள். வந்த புதிதில் அவரிடம் கேட்டாள்.

“ஏனுங்ண்ணா, இது காய்க்குமுங்களா?”

“காய்க்காது அம்மணி.”

“பூவாச்சும் பூக்குமுங்களா?”

“பூக்காது.”

“அப்பறம் என்னத்துக்குங்க இத்தன பண்டுதம்?”

“உங்கூட்டுக்காரரும் சும்மாதான நிக்கறாரு. சோறு போடறயல்ல?”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பண்டுதம் என்று அவள் சொன்ன பராமரிப்பு நிறையத்தான் இருந்தது. மலையில் பனி குடித்து வளர்ந்த மரம். இங்கே சுவரே சுடும். வீட்டு முன்னால் கட்டில் போடுகிற அளவுதான் மண் இருக்கிறது. அதில் காலை வெயில் மட்டும் விழுகிற மூலையில் வைத்தார். தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, நடுவில் மணல் கொட்டி, மணலை நனைத்து வைப்பார். வேர் சூடு தாங்காது என்பார். போர் தண்ணீர் உப்பு. அது நாங்கள் குளிக்க. குழாயில் வருகிற நல்ல தண்ணீர் மரத்துக்கு. கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார்ப்பார். தாளில் விழுந்த தூசி நகர்ந்தால் அது செம்பேன். உடனே அடிப்பக்கம் எல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். நான் அதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றப் போவேன், வருவேன்.

பிறகு அவருக்கு வாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் மிஞ்சியது.

அதிலிருந்து பண்டுதம் என் வேலை ஆனது. காலையில் அந்த அம்மணியும் நானும் அவரைத் தூக்கி, மரத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைப்போம். இடது கையை இலைக்குள் விட்டு அளைவார். விரலில் ஒட்டிய இலை வாசத்தை மோந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் வாய் திறந்து இட்லி வாங்குவார். மழை பெய்து வெளியே விடாத நாளில் பட்டினிதான். கெஞ்சினாலும் திறக்கமாட்டார்.

முதல் கோடையில் ஒன்று போயிற்று. அது செத்தது தெரியாமல் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பச்சையாகத்தான் நின்றது. அவர்தான் சொன்னார்.

“இது செத்தா ஒடனே காட்டாது. நகத்துல சொரண்டிப் பாரு. உள்ள பச்ச இருந்தாத்தான் உசுரு.”

அடுத்த கோடையில் இரண்டாவது. அப்போது ஒரு வாரம் அவர் எதையும் விழுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னொரு தடவை இப்படி விட்டால் உடம்பு தாங்காதும்மா என்றார் டாக்டர். மிச்சம் இருந்தது ஒரே ஒரு மரம்.

ஆடிக் காற்றுக்கு முன்னால் முருங்கையை மொட்டையாக வெட்டிவிடுவது எங்கள் பக்கம் வழக்கம். மழை விழுந்ததும் தழைத்துக்கொள்ளும். அந்த வருஷம் வெட்டுகிற சமயத்தில் அவரைக் கை கால் பயிற்சிக்குக் கோயமுத்தூர் கூட்டிப்போயிருந்தேன். திரும்பி வந்து ஆட்டோவில் இருந்து இறக்கும்போதே அந்த அம்மணி ஓடிவந்தாள். கையில் அரிவாள்.

“அக்கா, எங்க முருங்கைய வெட்டுனனுங்க. அப்படியே உங்க மரத்தயும் பாத்தனுங்க. ஒரு பக்கம் காஞ்சு கெடந்துச்சு. கட்டையோட வெட்டிவுட்டுப்போட்டேன். ஐப்பசி மழைக்குத் தழஞ்சுக்கும் பாருங்க.”

மரம் பாதிதான் இருந்தது. சுவர்ப் பக்கத்து அனலில் நுனி கருகியிருந்த பக்கம் முழுக்க வெறும் கட்டை.

அவர் பார்த்தார். அவளே ஒரு கை பிடித்து அவரை உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டுப் போனாள். அப்புறம் சொன்னார்.

“வெறுங்கட்டைல இது துளுக்காது.”

“கேட்டுப்போட்டு வாரனுங்க.”

“வேண்டாம். அந்தப் புள்ளயத் திட்டாத. தூக்கறதுக்கு வேற ஆள் ஏது?”

நான் திட்டவில்லை. அன்றைக்கு அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

வெட்டிய பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். பச்சைப் பக்கம் அவர் கைக்கு வந்தது. ஐப்பசி மழை பெய்தது. முருங்கை தழைத்தது. இது தழைக்கவில்லை. இருந்த பாதி இருந்தது. அவர் அளைந்தார், சாப்பிட்டார். அது போதும் என்று இருந்தேன்.

பங்குனியில் வெயில் ஏறியது. பச்சையில் மினுமினுப்பு குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. அவர் தூங்கும்போது போய்ப் பச்சைக் கிளை ஒன்றின் அடிப்பக்கம் நகத்தால் சுரண்டினேன். உள்ளே பழுப்பு. இன்னொரு கிளை. பழுப்பு. அடித்தண்டிலும் சுரண்டினேன். அங்கேயும் பழுப்பு.

அவரிடம் சொல்லவில்லை. விடிந்ததும் அவரைத் தூக்குவதற்கு முன்னால் மரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிவிடுவேன். ஈரத்தில் இலை மெத்தென்று இருக்கும். அவர் கையை விடுவார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இட்லிக்கு வாய் திறந்தால்தான் எனக்கு மூச்சு வரும். அப்படியே கொஞ்ச நாள் ஓடியது.

ஒருநாள் விரலை மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். பிறகு ஒரு நுனியை வளைத்தார். டக்கென்று ஒடிந்தது.

“ஏனுங்க, வெயிலுக்குக் கொஞ்சம் வெறச்சிருக்குது. பச்சையாத்தான இருக்குது” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார்.

“எப்பருந்து தெரியும் உனக்கு?”

இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“தண்ணிய வீணாக்காத அம்மணி” என்றார் என்னிடம்.

மறுநாள் நாங்கள் தூக்கப் போனபோது தலையை ஆட்டினார். வேண்டாமாம். அதிலிருந்து உள்ளேதான் படுத்திருக்கிறார். மரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் இந்த வெயிலிலும் எப்படிப் பச்சையாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

காலையில் ஊட்டப் போனால் ஒரு வாய் வாங்குகிறார். அது எனக்காகத்தான் என்று தெரிகிறது. அடுத்த வாய்க்கு உதட்டை மூடிக்கொள்கிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். பிறகு கையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போகிறேன்.