கூரையில் கை வைக்கக் கூடாத மாதங்கள்

எங்கள் ஹவுஸ் ஓனர் எதற்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. அவரிடம் இருந்த பெரிய தொந்தரவே அதுதான். முடியாது என்று சொல்லும் மனிதரிடம் சண்டை போடலாம். "செஞ்சுடலாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும் மனிதரை என்ன செய்வது? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் கணவருக்குக் கோபம் என்ற வஸ்து எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. ஆகையால் ஓனரிடம் பேசும் வேலை என்னுடையது.

தஞ்சாவூரில் வடவாற்றுப் பக்கம் இருந்தது அந்த வீடு. கீழே ஓனரும் அவர் மனைவியும், மாடியில் நாங்கள் இருவரும். ஊரில் இருந்த நஞ்சையை விற்றுவிட்டு, அரசு வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். நல்ல மனிதர்தான். அந்த வீட்டுக்கு முன் நாங்கள் பார்த்த வீடுகளில் எல்லாம், எங்கள் இருவர் சாதியும் வேறு என்று தெரிந்த நிமிடமே, வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். இவர் மட்டும் என் சொந்த ஊர் எது, யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். நீடாமங்கலம் பக்கம் என்று சொல்லி, அப்பாவின் பெயரையும் சொன்னேன். "சரிம்மா" என்று சாவியைக் கொடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

படுக்கையறைத் தளம் குடிவந்தபோதே ஓதம் காத்துத்தான் இருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பதித்திருந்த தட்டோடுகள் விரிசல் விட்டிருந்தன. தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் அங்கேயே தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. முதலில் சுண்ணாம்பு பொரிந்தது. பிறகு கட்டிலுக்கு நேர் மேலே ஒரு தாம்பாள அகலத்துக்குக் காரை உப்பிக்கொண்டது. துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்தேன், வெற்றுப் பானையைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. கீழே போய்ச் சொன்னேன். ஆடி மாதம், எதையும் ஆரம்பிக்க வேண்டாம், ஆவணியில் செய்துவிடலாம் என்றார். ஆவணியில் ஊரில் இருக்கும் கொத்தனார் எல்லாரும் யாரோ ஒருவரின் புது வீட்டில் இருந்தார்கள். புரட்டாசியில் ஒரு நாள் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது, காரை ஒரு துண்டு பெயர்ந்து என் தலையணைமேல் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

அந்தத் துண்டை அப்படியே ஒரு முறத்தில் எடுத்துக்கொண்டு போய் ஓனர் முன்னால் வைத்தேன். அவர் மனைவிதான் முதலில் பதறினார். அன்று சாயங்காலமே கொத்தனார் வந்து பார்த்தார். உப்பின காரையை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, கம்பியைச் சுரண்டிச் சிமெண்ட் பூச வேண்டும், மேலே தட்டோட்டையும் மாற்ற வேண்டும் என்றார். திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. சிமெண்ட் மூட்டைகூட வந்து மாடிப்படிக்குக் கீழே இறங்கிவிட்டது.

இங்கேதான் நான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அப்போது எனக்கு நான்காவது மாதம். வெளியே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல ஆளும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அவர் வயலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மா எப்போதாவது போன் செய்வாள். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அழுதாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். சரி, இது இருக்கட்டும். சனிக்கிழமை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மனிதர் திங்கட்கிழமையையும் ஏதாவது சொல்லித் தள்ளிவிட்டால்? தள்ள முடியாதபடி ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். கீழே போய், நான் மாசமாக இருக்கிறேன், அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன், கட்டாயம் திங்கட்கிழமை ஆளை அனுப்புங்கள் என்று சொன்னேன். என்னிடம் இருந்ததிலேயே பெரிய ஆயுதம் அதுதான்.

ஓனரின் முகம் மலர்ந்தது. அவர் மனைவி எழுந்து வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கற்கண்டு எடுத்து வாயில் போட்டார். நான் வெற்றியோடு மாடி ஏறினேன்.

திங்கட்கிழமை கொத்தனார் வரவில்லை. கீழே போய்க் கேட்டால், அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஓனர் சொன்னார். என்னைப் பார்த்து, ஒரு விவரம் தெரியாத குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னார்.

"மாசமா இருக்கற பொண்ணு இருக்கற வீட்டுல இடிக்கறது, கொத்தறது எல்லாம் கூடாதும்மா. வேலையே செய்ய மாட்டேன்னு சொல்லல. நீ இங்க இருக்கறப்ப செய்ய மாட்டேன்."

வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் அல்லவா, மறுநாளே ஆளை இறக்கிவிடுகிறேன் என்றார். அதுவரை கட்டிலைக் கூடத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் எதையெல்லாமோ பேசினேன். தலையில் விழுவது உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டேன். ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், கொத்துகிற சத்தம் ஒரு ரிப்போர்ட்டிலும் வந்ததில்லை என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அம்மா வீடு என்ற பேச்சை மட்டும் தொடாமல் மாடி ஏறினேன்.

கொத்தனாரிடம் நேராகவே பேசிவிடலாம் என்று என் கணவரை அனுப்பினேன். கொத்தனாரும் கையை எடுத்துக் கும்பிட்டாராம். தனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அந்தப் பாவம் வேண்டாம் என்றாராம். வேறு கொத்தனாரைத் தேடினால், வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா என்பதைத்தான் அவர் முதல் கேள்வியாகக் கேட்டார். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. ஊரே சேர்ந்து எனக்கு நல்லது செய்துகொண்டிருந்தது. வேறு வீடு பார்க்கலாம் என்றால், மாசமாக இருப்பவள் வீடு மாறக் கூடாது என்று சொல்ல அதற்கும் ஓர் ஆள் வந்தார். அதற்கு மேல், யாரு, என்ன ஆளுங்க என்ற அந்தப் பழைய கேள்விகளுக்கு மறுபடி முதலிலிருந்து பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. மாமியார் திருப்பூரில் மூத்த மகனோடு ஒற்றை அறையில் இருந்தார். அங்கேயும் போக முடியாது.

எனக்கு ரொம்ப ஆத்திரமாக இருந்தது. இதெல்லாம் மூட நம்பிக்கை என்று என் கணவரிடம் தினமும் பிரசங்கம் செய்தேன். அவர் ஒரு நாள் கூடத்தில் கொசுவலை கட்ட ஓர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சுவரருகே போனார். முதல் அடி அடிப்பதற்குள், "வேணாம், அடிக்காதீங்க" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவர் சுத்தியலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிரசங்கத்தை அன்றோடு நிறுத்தினேன். கொசுவலையை ஜன்னல் கம்பியில் கட்டிச் சமாளித்தோம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. படுக்கையறையை மூடியே வைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்படியில் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது உள்ளே பொத்தென்று சத்தம். திறந்து பார்த்தால் தரை முழுக்கக் காரை. இந்த முறை துண்டு இல்லை, ஒரு பாளம். பீரோ கதவு நசுங்கியிருந்தது. அதைவிட, கூடத்துத் தளத்திலும் முதல் தடவையாக ஈரம் ஒரு கோடாக வந்திருந்தது. நாங்கள் படுத்திருந்த இடத்துக்கு மேலே அந்தக் கோடு. எனக்குப் பயம் வந்தது. அதுவரை இருந்தது கோபம். என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு ஓனர் மேலே வந்தார். பாளத்தைப் பார்த்தார், கூடத்துக் கோட்டையும் பார்த்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. எப்போது அம்மா வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டார். போகப் போவதில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். கைகழுவிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்தாள். அப்பா வயலில் இல்லாத நேரம், வீட்டில் இருக்கும் நேரம். அது எனக்கே வித்தியாசமாகப் பட்டது. உங்கள் ஹவுஸ் ஓனர் நேற்று வந்திருந்தார் என்றாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். அப்பா சம்பா நடவுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தாராம். உங்கள் பெண் மாசமாக இருக்கிறாள், அவள் இருக்கிற வீட்டில் கூரை விழுகிறது, அவளை அழைத்துக்கொண்டு வந்தால்தான் நான் வேலையை ஆரம்பிக்க முடியும் என்று சொல்லியிருக்கிறார். வேறு ஒரு வார்த்தை புத்திமதி இல்லையாம். மோர் கொடுத்து அனுப்பினார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைக் கேட்காமல் என் அப்பாவிடம் போய் நிற்க இவர் யார்? விறுவிறு என்று இறங்கிப் போய் அப்படியே கேட்டேன். அவர் ஈசிச்சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூரையைச் சரி பண்ணணும்னுதானேம்மா கேட்ட? அதுக்கு வேண்டியதைச் செஞ்சுட்டு வந்தேன்."

அழுகையை அடக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

தளம் அதே மாதம் சரியாகிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகவே செய்தார்கள். தட்டோட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, தொட்டியையும் இடம் மாற்றினார்கள். அதற்குப் பிறகு பல மழைகள் பெய்துவிட்டன, ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்கு நினைவில் நிற்பது வேலை ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான்.

அழைத்துப் போக வருகிறோம் என்று அம்மா முந்தின நாள் போனில் சொல்லியிருந்தபடி, வாடகைக் கார் ஒன்று வாசலில் நின்றது. அம்மா இறங்கி ஓடாத குறையாக மாடி ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா மேலே வரவில்லை. கீழேயே ஓனரோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. என் வாசலைத் தாண்டி நேரே மொட்டை மாடிக்குப் போனார். தொட்டியைச் சுற்றி நடப்பதும், காலால் தட்டோட்டைத் தட்டுவதும் கேட்டது. இறங்கி வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கட்டில் இருந்த அறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கம்பி எலும்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு கூடத்துக்கு வந்து அந்த ஈரக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். இளைத்திருந்தார். காது மடலில் நரைத்த முடி முளைத்திருந்தது. அவர் வந்த மாதிரியே வெளியே போய்விட்டார்.

என் பையைத் தூக்கிக்கொண்டு என் கணவர் முன்னால் இறங்கினார். அப்பா நிற்கும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறக்கினாள். பாதிப் படியில், அப்பாவின் குரல் கேட்டது. சின்ன வயதில் நான் பயந்த அதே குரல். ஓனரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆளு வந்து கொத்தப் போறாங்கங்கறீங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம், சரி. மாப்பிள்ளை எங்கங்க படுப்பாரு?"

நான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். அம்மாவின் பிடி இறுகியது. மேலே எல்லாம் ஒழுகுகிற வீடு, வேலை முடிகிற வரைக்கும் அவர் உங்கள் கூடத்தில்தான் படுக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று அப்பா பேசிக்கொண்டே போனார். ஓனர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

என் கணவர் கேட்டாரா என்று பார்த்தேன். கேட்டிருந்தார். ஒரே ஒரு பையைக் காரின் டிக்கியில் வைப்பதற்காகக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவே இல்லை.