அக்காவின் ரேடியோவுக்கு ஒரு பாட்டரி

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு நான் கேட்கவில்லை, செவிகொடுத்தால் போதும்.

என்னை வளர்த்தவள் என் அக்கா. கிள்ளானில், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த வாடகை வீட்டில் நெஞ்சு நோயால் படுத்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடக்கவிருந்த சொற்போட்டியின் இறுதிச் சுற்றில் நான் பேச வேண்டும். ரேடியோ ஆர்வலர் சிலர் அதை ஒலிபரப்ப இசைந்தார்கள். எழுந்து நடமாட முடியாத அக்கா படுக்கையிலிருந்தே என் பேச்சைக் கேட்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அப்போது வேறு ஆசை இருக்கவில்லை.

நான் ரயில்வே பட்டறையில், வண்டி விளக்குகளுக்கான பாட்டரி அறையில் வேலை பார்த்தேன். ரேடியோ இரவலாகக் கிடைத்தது. அதற்குக் கழித்துப்போட்ட ஈய அமிலப் பாட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பழையதை எவ்வளவு நம்பலாம்? ஒரு மின்னழுத்தம், அதனோடு தொடராக ஓர் உள்தடை, இவ்வளவுதான் பாட்டரி என்று எண்ணிக்கொண்டேன். சும்மா இருக்கையில் எத்தனை வோல்ட், விளக்கு எரிகையில் எத்தனை வோல்ட் என்று அளந்தேன். இவ்விரண்டின் வித்தியாசத்தை ஓடிய மின்னோட்டத்தால் வகுத்தால் அதுவே உள்தடை. மின்னேற்றம் கரையக் கரைய மின்னழுத்தமும் உள்தடையும் எப்படி மாறுகின்றன என்றும் சோதித்தேன். ரேடியோ நான்கு மணி நேரம் தாங்கும் என்று கணக்கு சொன்னது. என் பேச்சு இரவு ஒன்பது மணிக்கு.

"எட்டு மணிக்குத்தான் ரேடியோவைப் போடணும், அக்கா."

"சரிடா வக்கீலு. உத்தரவு போட்டாச்சுல்ல, கிளம்பு."

வென்றேன். மறுநாள் முதல் ரயிலில் கிள்ளானுக்கு விரைந்தேன்.

"கேட்டியாக்கா?"

"கேக்காம? ஒரு வார்த்தை விடலடா."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "எந்த இடம் நல்லா இருந்துச்சு?" என்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டாள். "முடிச்ச பாரு, அந்த இடம். கண்ணுல தண்ணி வந்துருச்சு."

பட்டறையில் திரும்ப மின்னேற்றலாமென்று, நெஞ்சு நிமிரப் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டுப் பெண்மணி சிரித்தார். "தம்பி, நேத்து உங்க வீடு பாசார் மாதிரி லா, சந்தைக் கூட்டம்! நாலு மணிக்கே பெட்டியைப் போட்டாச்சு. வந்த சனத்தைச் சும்மா உக்கார வைக்கக் கூடாதாம், பாட்டு கேக்கணுமாம். 'என் தம்பி பேசுவான், யாரும் எழும்பாதீங்க'ன்னு ஒரே மிரட்டல். எனக்கு அடுப்புல வேலை, விளக்கு வைக்கிறப்பவே போயிட்டேன்."

நாலு மணிக்கே. ரயிலில் அந்தச் சொல்லை விட்டு வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. பட்டறையில் அளந்தேன், வோல்ட் விழுந்து கிடந்தது, உள்தடை ஏறி நின்றது. பாட்டரி முற்றிலும் வற்றியிருந்தது. நான் மேடை ஏறுமுன்பே அவள் அறையில் ரேடியோ ஊமையாகிவிட்டது.

எதிரியின் வாதத்தை உடைத்தே பழகியவன், அன்று என் கணக்கையே உடைக்கப் பார்த்தேன். பாட்டரிக்கு மீண்டும் மின்னேற்றி, அதே சுமையில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். பிழையாக இருக்கட்டும், இன்னும் ஒரு மணி நேரமாவது தாங்கட்டும் என்று வேண்டினேன். கணக்கு சொன்ன நான்கு மணி நேரத்திலேயே அடங்கியது. வாழ்வில் நான் தோற்க விரும்பிய வாதம் அது ஒன்றே.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிலருகே நின்று பேச்சு முழுவதையும் பேசுவதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை தந்தி வந்தது.

கிள்ளான் ஆற்றில் அவள் சாம்பலைக் கரைத்தபின், உறவினர் திரும்பிப் பார்க்குமளவு உரக்கச் சொன்னேன்: "அக்கா, நான் பேசுனது எப்படி இருந்துச்சுன்னு இனிமே யாரையும் கேக்க மாட்டேன்."